மொரப்பூர் வழியில் பச்சை

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி அரூர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், கம்பியைப் பிடித்து நிற்கும் பாட்டிகளின் முன்கையைக் கவனிக்கலாம். புள்ளிக்கோலம், தேள், ஒரு பெயர். கோடுகள் தோலோடு சுருங்கி, புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து, குத்தியபோது கறுப்பாக இருந்தது பாசி நிறத்துக்கு வெளுத்திருக்கும். சிலருக்குப் புருவ நடுவிலும் மோவாயிலும் பொட்டு உண்டு. படித்தவர்கள் இதைப் பார்த்ததும் நியூசிலாந்து மாவோரிகளின் முகப்பச்சையை இழுத்து, ‘நம்மிடமும் இருந்ததே’ என்று பெருமைப்படுவார்கள். எனக்கு அந்தப் பெருமையில் உடன்பாடில்லை. பச்சைக்குப் பொருள் தருவது அதைக் குத்துகிறவரும் படிக்கிறவரும்தான்.

மாவோரிகளின் ‘மோகோ’ குலத்துச் சொத்து. அல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் எலும்பை உளியாக்கி, முகத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டினார்கள். இன்னார் வழிவந்தவர், இன்ன தகுதியுடையவர் என்பதைச் சொந்தபந்தம் அதில் படித்துவிடும். 1840இல் பிரிட்டிஷாரோடு செய்த வைதாங்கி ஒப்பந்தத்தில் தலைவர்கள் சிலர் கையெழுத்தாகத் தங்கள் முகக்கோட்டையே வரைந்தார்கள். நம் பக்கத்தில் பச்சை குத்தியவள் ஊர் ஊராக வந்த குறத்தி. மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் துணியில் முடிந்து விளக்கில் எரித்து, படிந்த கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்தினாள். கூலி தானியமாகவோ காசாகவோ கிடைத்தது. அவள் கைக்குப் பழகிய கோலமே பல சாதிப் பெண்களின் கையிலும் ஏறியது. அதில் குலம் கோத்திரம் தேடிப் பயனில்லை. இன்னொரு பச்சையும் இந்த நாட்டில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி 1849 வரை கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தி அனுப்பியது. அதைப் படித்தவன் போலீஸ்காரன்.

அப்படியானால் நம்முடையது வெறும் அலங்காரம்தானா என்று கேட்கலாம். நகை அடகுக்குப் போகும், தாலியைக்கூடக் கழற்ற நேரும். செத்தாலும் கூட வருவது பச்சைதான் என்று பெண்கள் நம்பியது, கையில் வேறெதுவும் நிலைக்காத வாழ்க்கையிலிருந்து வந்த நம்பிக்கை. வாயால் சொல்லக்கூடாத புருஷன் பெயரை முன்கையில் தாங்கியவர்களும் உண்டு. ஆனால் அழுகிற சிறுமியை அமுக்கிப் பிடித்துக் குத்தினார்களே என்றால், அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. மாவோரி அரசியல்வாதி நனையா மஹுதா 2016இல், விவரம் தெரிந்த வயதில், மோவாயில் மோகோ ஏற்றுக்கொண்டார். 2020இல் வெளியுறவு அமைச்சரானார். நம் சிறுமிகளை யாரும் கேட்கவில்லை. ஆகவே பழைய வழக்கத்தை மீட்போம் என்று கொடி பிடிக்க மாட்டேன். அதற்காக அந்தக் கைகளை அநாகரிகம் என்பதையும் ஏற்க முடியாது. படிக்கத் தெரியாதவன் எழுத்தைக் குறை சொல்வது அது.

படிக்கிறவர் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு ராணுவ ஆள்சேர்ப்பு விதியே சாட்சி. முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும்தான் பச்சைக்கு அனுமதி. பழங்குடியினர் தங்கள் வழக்கப்படி குத்தியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. குறத்தியிடம் மோவாயில் பொட்டு வாங்கிய குடும்பத்துப் பையன், பாட்டியைப் போலத் தானும் ஒன்று குத்திக்கொண்டு போனால், அதுவும் பரம்பரை வழக்கம்தான் என்று ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் நிரூபிக்க வழியில்லை.