கறுப்புக் கண்ணாடியும் ஒரு பழைய படமும்

2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் செய்தி சேகரிப்பதற்காக ஈச்சிலம்பற்றுக்குப் போயிருந்தேன். கிண்ணியாப் பாலம் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே திறக்கப்பட்டது. ஆகவே திருகோணமலையிலிருந்து புறப்பட்டால் பாதையில் ஏறித்தான் நீரைக் கடக்கவேண்டும். (கிழக்கில் பாதை என்றால் வாகனங்களையும் மனிதர்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. இதைத் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்கவேண்டியிருக்கிறது.) 2006இல் இடம்பெயர்ந்து, 2007 முதல் மீளக் குடியேறத் தொடங்கிய ஊர் அது. நான் போனபோது கூரையில்லாத சுவர்களும், கதவில்லாத நிலைகளுமாகவே பல வீடுகள் நின்றன. ஊரில் இடைவிடாது சத்தம் கேட்ட ஒரே இடம் வெல்டிங் கடைதான். ஜன்னல் கம்பி, கேற், உழவு இயந்திரத்தின் பெட்டி என்று எல்லாமே அங்கேதான் வந்து சேர்ந்தன.

கடை என்றால் நான்கு கம்பம், மூன்று பக்கமும் தகரம், பின்னால் உறுமும் ஜெனரேற்றர். பாஸ் கையில் கறுப்புக் கண்ணாடி பதித்த பலகையைப் பிடித்தபடி வேலை செய்தார். கம்பியை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். அவனிடம் கண்ணாடி இல்லை. இரண்டு கைகளும் கம்பியில் இருக்கும்போது பலகையை எந்தக் கையால் பிடிப்பது? பொறி பறக்கும்போது முகத்தைச் சற்றே திருப்பிக் கண்ணைச் சுருக்கிக்கொள்வான். அந்தக் கணத்தைத்தான் நான் படம் எடுத்தேன். அரைமணி நேரம் நின்று எடுத்தேன். நல்ல படம். ஞாயிறு இதழில் அரைப்பக்கத்துக்கு வந்தது. ‘சாம்பலில் பூத்த தீப்பூக்கள்’ என்று தலைப்பிட்டவனும் நானேதான்.

அன்றிரவு மூதூரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். நள்ளிரவு தாண்டியதும் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் விழித்துக்கொண்டேன். திறந்தால் எரிவு, மூடினால் உறுத்தல், விளக்கைப் பார்க்கவே முடியவில்லை. நண்பரின் தாயார் எழும்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பிக்கு வெல்டிங் அடிச்சிட்டு” என்றார். அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருப்பதாகவும், இரண்டு சொட்டுத் தாய்ப்பால் வாங்கிவந்து விட்டால் விடிவதற்குள் சுகமாகிவிடும் என்றும் சொன்னார். பத்திரிகைக்காரனின் கூச்சம் தடுத்தது. ஈரத்துணியோடு விடியும்வரை படுத்திருந்தேன். மறுநாள் மாலைக்குள் எரிவு அடங்கிவிட்டது. தாய்ப்பால் விட்டிருந்தாலும் அடங்கியிருக்கும். தாய்ப்பாலுக்குப் பெயர் கிடைத்திருக்கும். உருளைக்கிழங்குச் சீவலும் நந்தியாவட்டைப் பூவும் அவ்விதம் பெயர் வாங்கியவைதான் என்று நினைக்கிறேன்.

அந்த எரிவின் கதை இதுதான். வெல்டிங் சுடரில் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு புற ஊதாக் கதிரும் (எங்கள் பாடப்புத்தகத்தில் கழியூதா) அகச்சிவப்புக் கதிரும் இருக்கின்றன. புற ஊதாவின் பெரும்பகுதியைக் கண்ணின் முன்புறத்திலுள்ள விழிவெண்படலம் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் மேற்தோல் வெந்துபோகிறது. ஆனால் உடனே வலிப்பதில்லை. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே வலிக்கிறது. மேற்தோல் விரைவில் புதுப்பிக்கப்படுவதால் ஓரிரு நாளில் குணமாகிறது. மாலையில் பட்ட அடி நள்ளிரவில் வலிப்பதால், வேலை செய்யும் நேரத்தில் எச்சரிக்க எதுவும் இல்லை. நேரே பார்த்தால்தான் அடிக்கும் என்பதும் இல்லை. சுற்றிவர இருக்கும் பளபளப்பான தகரத்தில் பட்டுத் தெறித்தும் வரும். வேடிக்கை பார்த்து நின்ற எனக்கு அப்படித்தான் வந்திருக்கவேண்டும். வலியைப் பொறுக்காமல், கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கித் திரும்பத் திரும்ப விடுவோர் உண்டு. அது விழிவெண்படலம் ஆறுவதைக் கெடுக்கும். மருத்துவர் பரிசோதனைக்காக ஒருமுறை விடுவது வேறு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடுவது வேறு.

நிற்க. குணமாகிவிடும் எரிவைப் பற்றி எழுதுவதற்காக இதைத் தொடங்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, திரும்பும் வழியில் ஈச்சிலம்பற்றில் இறங்கினேன். 2011இல் அந்த வீதியின் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்டுவிட்டதால் பாதைக்காகக் காத்திருக்கும் வேலை இப்போது இல்லை. வெல்டிங் கடை சீமெந்துத் தரையோடு பெரிதாகியிருந்தது. பையன்தான் இப்போது பாஸ். என்னை அவனுக்கு நினைவிருந்தது. நினைவிருக்கக் காரணம் சுவரில் தொங்கியது. ஞாயிறு இதழின் அந்த அரைப்பக்கத்தை வெட்டி, லமினேற் செய்து, ஆணியில் மாட்டியிருந்தான்.

தேநீர் வந்தது. ஊர்க்கதைகள் பேசினோம். பிறகு அவன் படத்தைச் சுட்டிக்காட்டி, “சேர், இடக் கண்ணைப் பொத்திப்போட்டு இதைப் பார்த்தா என்ர முகம் இல்ல. சுத்திவர எல்லாம் இருக்கு. பாஸும் இருக்கார், பொறியும் இருக்கு” என்றான். விளையாட்டுப்போலத்தான் சொன்னான்.

அது எப்போது வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் கிரைண்டர் தூசு இடக் கண்ணில் விழுந்து, அதைப் பொத்திக்கொண்டு கைபேசியைப் பார்த்தபோது எண்களுக்கு நடுவே ஒன்று காணாமற்போயிருந்ததாம். திருகோணமலையில் கண் மருத்துவர் பார்த்துவிட்டு, வலக் கண்ணின் விழித்திரையில், கூர்மையாகப் பார்க்க உதவும் மையப் பகுதியில், சின்னஞ்சிறு தழும்பு இருப்பதாகச் சொன்னார். அது திரும்பச் சரியாகாது. எந்த வேலையின்போது வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. பழைய பதிவு இருந்தால்தானே சொல்லலாம்?

எனக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் தெரிந்தது ஒன்று உண்டு. சுடரின் நீலப் பகுதி ஒளி விழிவெண்படலத்தில் தங்குவதில்லை. கண்வில்லையைக் கடந்து விழித்திரை வரை போகிறது. இளம் வயதுக்காரரின் கண்வில்லை முதியவரின் வில்லையைவிடத் தெளிவானது. அதனால் நீல ஒளியைக் கூடுதலாக உள்ளே விடுகிறது. விழித்திரையில் வலி நரம்பு கிடையாது. வெளியே அடித்தால் நள்ளிரவில் எழுப்பி அழவைக்கும் கண், உள்ளே அடிபட்டால் எதுவும் சொல்வதில்லை. அதோடு, ஒரு கண் இழந்ததை மறு கண் நிரப்பிக் காட்டிவிடுகிறது. தம்பி எத்தனை வருடம் அந்தத் துளையோடு கேற் அடித்தான் என்று நினைத்தால் எனக்குத் தேநீர் இறங்கவில்லை. அந்தப் படத்தில் நான் பூவாகக் கண்டது அவன் கண்ணைச் சுருக்கிய சுருக்கத்தை அல்லவா!

கண்ணாடி இல்லாத காலம் அல்ல அது. உலைக்கு முன் நின்ற கண்ணாடித் தொழிலாளருக்குக் கண்புரை வருவதை ஆராய, இங்கிலாந்தின் ரோயல் சொசைற்றி அமைத்த குழுவுக்காக வில்லியம் குறூக்ஸ் முந்நூறுக்கும் அதிகமான கண்ணாடிக் கலவைகளைச் செய்து பார்த்து, 1914இல் கட்டுரையாக வெளியிட்டார். பார்வைக்குப் போதிய ஒளியை விட்டு, தீங்கான கதிரை நிறுத்தும் கண்ணாடி எது என்பதே அவருடைய கேள்வி. இன்று வெல்டிங் கண்ணாடியில் பொறிக்கப்படும் எண் அந்த வழியில் வந்ததுதான். எண் 10 என்றால் கட்புல ஒளியில் ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒரு பங்கையே அது உள்ளே விடுகிறது. மின்னோட்டம் கூடக்கூட எண்ணும் கூடவேண்டும். சந்தையில் விற்கும் கூலிங் கிளாஸ் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வேலை செய்வோரை நான் கண்டிருக்கிறேன். அவை பக்கவாட்டையும் மறைப்பதில்லை, எண் 10க்குக் கிட்டவும் வருவதில்லை.

கறுப்புக் கண்ணாடியின் பழைய குறை, சுடர் பிடிக்கும்வரை அதனூடாக எதுவுமே தெரியாது என்பது. அதனால்தான் ‘ஸ்பொட்’ வைக்கும்போது கண்ணாடியை விலக்கிவிட்டு வெறுங்கண்ணால் குறிபார்க்கிறார்கள். ஒரு கேற்றுக்கு எத்தனை ஸ்பொட் என்று எண்ணிப் பாருங்கள். 1981இல் சுவீடனில் ஹோர்னெல் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பீட்கிளாஸ் இந்தக் குறைக்குத்தான் விடை சொன்னது. திரவப் பளிங்கு வில்லை. சுடரை உணர்ந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பலமடங்கு விரைவாகத் தானே கறுத்துவிடும். நல்ல தயாரிப்புகளில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் படலம் தனியாக இருப்பதால், வில்லை கறுக்காத நேரத்திலும் அந்தக் கதிர்கள் நுழைவதில்லை. தம்பியிடம் இப்போது அப்படியொன்று இருக்கிறது; கட்டாரில் வேலை செய்யும் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது. உட்புறம் தர அடையாளம் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னாராம். மலிவுச் சரக்கில் உணர்வி கைமறைவில் பட்டால் பிந்திக் கறுப்பதுண்டு என்றும், மின்கலம் தீர்ந்தால் மாற்ற வழியில்லை என்றும் தம்பியே எனக்கு விளக்கினான்.

நான் கேட்டேன்: “பிடிக்கிற பையனுக்கு?”

உதவிக்கு நின்றவனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். அவன் தலையிலும் ஒன்று இருந்தது. பழைய வகை, தூக்கி மூடுவது. இரண்டு கைகளும் விடுதலை. “கிரைண்டர் பிடிக்க வேற வெள்ளைக் கண்ணாடி குடுத்திருக்கன்” என்றான் தம்பி. அதுவும் தேவையானதுதான். இரும்புத் துகள் விழிவெண்படலத்தில் தைத்து ஒரு நாள் கிடந்தாலே சுற்றிவரத் துரு வட்டம் பிடித்துவிடும். அதைக் கடையிலேயே துணிமுனையால் கிண்டி எடுப்பது பழைய வழக்கம். உள்ளே தெறித்த துகள் ஒன்று தெரியாமல் தங்கிவிட்டால், பிற்காலத்தில் எம்ஆர்ஐ பரிசோதனைக்குப் போகும்போது காந்தம் அதை அசைத்துக் கண்ணைக் கெடுத்துவிடலாம். உலோக வேலை செய்ததுண்டா என்று அங்கே கேட்பது அதனால்தான். மறக்காமல் சொல்லவேண்டும்.

கையில் ஒரு சதுரக் கொப்பி கிடைக்குமா என்று கேட்டேன். தம்பியின் மகளுடைய கணக்குக் கொப்பி வந்தது. ஒரு தாளின் நடுவில் பேனையால் புள்ளி வைத்தேன். சுவிற்சர்லாந்தின் மார்க் அம்ஸ்லர் என்ற கண் மருத்துவர் 1940களில் பயன்படுத்தத் தொடங்கிய கட்டப் படம் இதைப்போன்றதுதான். அவருடைய பெயராலேயே இன்றும் வழங்குகிறது. ஓரடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் புள்ளியையே பார்க்கவேண்டும். எழுத்துக் கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பார்க்கவேண்டும். கோடு எங்காவது வளைந்தாலோ, மங்கினாலோ, ஒரு கட்டம் இல்லாமற்போனாலோ மருத்துவரிடம் போகவேண்டும். இது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடல்ல. ஆனால் கடைச் சுவரில் ஒட்டிவைக்கலாம், காசில்லை.

முதலில் நான் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கோடுகள் நேராகத்தான் இருந்தன. பிறகு உதவிப் பையன் பார்த்தான். வலம் பொத்தினான், இடம் பொத்தினான், “எல்லாம் நேராத்தான் இருக்கு” என்றான். தம்பி தாளை வாங்கி, என்னுடைய பழைய படத்துக்குக் கீழே ஆணியில் குத்தினான். பிறகு பேனையைப் பையனிடம் நீட்டினான்.

“திகதியைப் போட்டு, நேர் எண்டு எழுது. அடுத்த மாசமும் பார்க்கவேணும்.”