சந்தனம் இட்ட கணினி

2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கு அளித்துவந்த பாதுகாப்பு ஆதரவை நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்திருந்தது. அதனால் அந்த வங்கியின் மண்டல அலுவலகம் மார்ச் மாதம் முழுவதும் பரபரப்பாக இருந்தது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதமும் அதுவே என்பது வங்கியில் பணியாற்றியவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

மேசை மேசையாகப் புதிய கணினிகள் வந்து இறங்கின. அவற்றில் விண்டோஸ் 7. இத்தனை ஆண்டுகள் அலுவலகக் கடிதங்களைச் சுமந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அதில் கிடையாது. அவுட்லுக் என்னும் வேறொரு மென்பொருள் அந்த இடத்துக்கு வந்தது. பெயரைப் பார்த்தால் உடன்பிறப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை.

ஓய்வூதியப் பிரிவைக் கவனித்துவந்த மூத்த எழுத்தருக்குப் பணிக்காலம் இன்னும் இரண்டாண்டே மீதம் இருந்தது. அவருடைய கணினியின் நெற்றியில் சரஸ்வதி பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. மாற்ற வந்த இளைஞர் அதைத் துடைக்காமலே எடுத்துச் சென்றார்.

"எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன் சார். மை டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், ஒண்ணும் விடலை."

மறுநாள் காலை அவர் புதிய திரையைத் திறந்தபோது, முந்தைய இரவு வந்த நான்கு அஞ்சல்கள் மட்டுமே இருந்தன.

இளைஞர் பொய் சொல்லவில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன் அஞ்சல்களை மை டாக்குமெண்ட்ஸில் வைப்பதில்லை. பயனாளர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்ட ஓர் உள்ளறையில், ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு டிபிஎக்ஸ் கோப்பாகச் சேர்த்துவைக்கும். வழங்கியில் தேடலாம் என்றால் அங்கும் இல்லை. பாப் 3 என்ற முறைப்படி, கடிதம் கணினிக்கு இறங்கியதும் வழங்கியிலிருந்து அழிந்துவிடும். பிரதி அங்கே இருக்கட்டும் என்று ஒரு கட்டத்தில் குறியிட்டிருந்தால்தான் தங்கும். அந்தக் குறியை இட வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை.

அவர் பதறியதற்குக் காரணம் ஒரு கடைநிலை ஊழியரின் மனைவி. ஊழியர் காலமாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 2010 ஏப்ரல் 27ஆம் தேதி ஒப்பந்தப்படி, முன்பு சேமநிதியைத் தேர்ந்தவர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஓய்வூதியம் கேட்க மறுவாய்ப்புக் கிடைத்தது. அந்த அம்மாள் கெடுவுக்குள் கையொப்பமிட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின் மூலப்படிவம் எங்கோ தொலைந்துபோயிற்று. உரிய காலத்தில் வந்ததற்குச் சான்று என்ன என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. கிளை அன்று விண்ணப்பத்தை ஸ்கேன் செய்து அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றுதான் சான்று. அது அந்தச் சந்தனம் இட்ட பெட்டிக்குள் இருந்தது.

பழைய கணினிகள் கிடங்கறையில் அடுக்கப்பட்டிருந்தன. மறுநாள் அவற்றின் வட்டுகளை அழிப்பதாக ஏற்பாடு. இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள். அத்தனையும் ஒரே நிறம், ஒரே உருவம். வரிசை எண்ணைப் பட்டியலில் தேடவேண்டிய அவசியம் அவருக்கு நேரவில்லை. நெற்றியைப் பார்த்ததும் இது நம்முடையது என்று கைவைத்துவிட்டார்.

"தம்பி, இன்னிக்கு ஒரு ராத்திரி இதைத் தொடாதீங்க. நானும் கூட இருக்கேன்."

இளைஞர் முகம் சுளிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மறைந்திருந்த கோப்புகளை வெளியே எடுத்தார். அவுட்லுக் அவற்றை நேரே ஏற்கவில்லை; அதற்கு அவுட்லுக் எக்ஸ்பிரஸும் அதே கணினியில் இருந்தாக வேண்டும். ஆகவே விண்டோஸ் லைவ் மெயில் என்னும் மற்றொரு மென்பொருளை இடைத்தரகராக வைத்து, அதில் இறக்கி, அதிலிருந்து அவுட்லுக்குக்கு மாற்றினார். இரவு ஒன்பதரை மணிக்கு 2010ஆம் ஆண்டுக் கடிதங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. பெரியவர் அந்தக் கடிதத்தையும் இணைப்பையும் மூன்று படிகள் அச்சிட்டார். ஒன்று கோப்புக்கு, ஒன்று தலைமை அலுவலகத்துக்கு. மூன்றாவதைத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதிய ஆணை மழைக்காலத்தில் வந்தது. பழைய கணினியோ வலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டு, அவர் ஓய்வு பெறும் நாள்வரை மேசைக்கு அடியிலேயே இருந்தது. அடுத்த சரஸ்வதி பூஜையன்று புதியதற்குச் சந்தனம் இட்டவர், குனிந்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.