ராமென் தேடுவோர் கவனத்துக்கு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் சந்திக்கும் வேப்பூரில் பரோட்டாவும் பிரியாணியும் தாராளமாகக் கிடைத்தாலும், கோதுமை நூடுல்ஸைச் சூடான சாற்றில் இட்டுத் தரும் ஜப்பானிய உணவான ராமெனை விரும்புவோர் சென்னைக்கே செல்ல வேண்டியுள்ளது. ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் பெருகி, அங்குப் பணியாற்ற வந்த ஜப்பானியர் தம் ஊர்ச் சாப்பாட்டை நாடியதால், நுங்கம்பாக்கத்தின் டாலியா போன்ற ஜப்பானிய உணவகங்கள் அந்நகரில் நிலைபெற்றன.

நல்ல ராமெனை முடிவு செய்வது அலங்காரம் அன்று, சாறே. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, எலும்பிலுள்ள பசைப்பொருளும் கொழுப்பும் நீரோடு கலந்து பால்போல் வெளுக்கும்வரை காய்ச்சுவது தொன்கொத்சு எனப்படும். ஆட்டுக்கால் பாயாவின் பக்குவம் அறிந்த நாவுக்கு அதன் வழவழப்பு அந்நியமாகத் தோன்றாது. மாவில் கன்சுய் என்னும் காரநீரைச் சேர்ப்பதால்தான் நூடுல்ஸுக்கு மஞ்சள் சாயலும் இழுவையும் அமைகின்றன. இந்தக் காரநீர் குறைந்தால் எத்தனை விலை கொடுத்தாலும் அது சேமியா சூப்பே.

சூட்டைத் தாங்கும் ஆழமான பீங்கான் கிண்ணமும் ராமெனுக்கு இன்றியமையாதது. அச்சில் பீங்கான் பொம்மைகளையும் விளக்குகளையும் வார்த்துப் பழகிய, வேப்பூருக்கு அருகிலுள்ள விருத்தாசலத்துக் கைகளுக்கு அக்கிண்ணம் எட்டாத வேலையன்று என்பதால், சென்னையின் ஜப்பானிய உணவகத்தார் ஒருமுறை விருத்தாசலத்துப் பட்டறைகளைப் பார்வையிட வேண்டும்.