யாருடைய விளக்கை முதலில் அணைப்பது?

மின்சாரம் தடைப்பட்டவுடன் நம்மில் பலரும் முதலில் செய்வது, அடுத்த வரிசை வீடுகளில் விளக்கு எரிகிறதா என எட்டிப் பார்ப்பதுதான். எரிந்தால் கோபம் இரட்டிப்பாகும். அவ்விருள் சில வேளைகளில் பழுதன்று, திட்டமிட்ட செயல் என்று ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விளக்கியபோது, அவர்களைவிடப் பெற்றோர்களே அதிகம் வியந்தனர். ஆகவே இங்கும் எழுதி வைக்கிறேன்.

நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மின்நிலையச் சுழலிகளின் வேகமே அதனை நிர்ணயிக்கிறது. உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருத்தல் வேண்டும். பெரிய நிலையமொன்று திடீரென நின்றுவிட்டால், அதன் சுமையையும் மற்றச் சுழலிகளே இழுக்க நேரிடும், மேட்டில் ஏறும் மிதிவண்டியைப் போல் அவற்றின் வேகம் தளரும், அதிர்வெண் இறங்கும். மிகவும் இறங்கினால் சுழலிகள் சேதமுறும் என்பதால், எஞ்சிய நிலையங்களும் தம்மைத் தாமே துண்டித்துக் கொள்ளும். பிறகு முழு இருள்தான். 1996 ஆகஸ்டு 3ஆம் நாள், திரெங்கானுவின் பாக்காவில் தொடங்கிய கோளாறு தீபகற்ப மலேசியா முழுவதையும் முடக்கியதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய முழுச் சரிவைத் தடுக்கவே துணைமின் நிலையங்களில் அதிர்வெண்ணைக் கண்காணிக்கும் ரிலே கருவிகள் உள்ளன. அவற்றுக்கு எவரும் ஆணையிட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெருவியப்பு. இணைந்த கட்டமைப்பில் அதிர்வெண் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் தொலைதூர இழப்பையும் தன் இடத்திலிருந்தே உணர்ந்து, குறித்த பகுதியின் இணைப்பை ரிலே கணத்தில் துண்டித்துவிடும்.

நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ் பயன்படுத்தும் பிரிட்டனில் 2019 ஆகஸ்டு 9ஆம் நாள் மாலை இது நிகழ்ந்தது. மின்னல் தாக்கியதையடுத்து ஓர் எரிவாயு நிலையமும் கடல் காற்றாலையும் உற்பத்தியை இழந்தன. அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியதும், ஏறத்தாழ 11 இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டது. சில நிமிடங்களில் அதிர்வெண் சீரானது. ஒரு மணி நேரத்திற்குள் மின்சாரமும் திரும்பியது. நாடு தப்பியது.

எனினும் துண்டிக்கப்பட்டவற்றுள் நியூகாசல் விமான நிலையமும் ஒன்று! ஒருவகை இரயில்கள் தம் சொந்தப் பாதுகாப்பு அமைப்பினால் நின்றுவிட்டன. அவற்றுள் பலவற்றை இயக்கத் தொழில்நுட்பர் நேரில் செல்ல வேண்டியிருந்தது. பயணிகள் பல மணி நேரம் சிக்கித் தவித்தனர்.

பொறியியலைவிட இந்தத் துண்டிப்புப் பட்டியலே என்னைச் சிந்திக்க வைக்கிறது. ஒரே மின்தடத்தில் பேரங்காடியும் இருக்கலாம், ஆக்சிஜன் கருவியோடு படுத்திருக்கும் ஒரு பாட்டியின் வீடும் இருக்கலாம். ரிலே இரண்டையும் பிரித்தறியாது. அத்தகையோர் உள்ள வீட்டில் மாற்று மின்கலம் உள்ளதா என்று கேட்க வேண்டியவர்கள் நாமே. போதாக்குறைக்கு, இன்று கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. நண்பகலில் ஒரு தடத்தைத் துண்டித்தால் சுமையோடு உற்பத்தியும் போய்விடும்; காப்பாற்ற எண்ணிய அதிர்வெண் மேலும் இறங்கவும் கூடும்.