படியூரில் ஒரு கல் பைத்தியம்

காங்கேயம் என்றால் உங்களுக்குக் காளைதானே ஞாபகம் வரும்? அவனுக்கு மட்டும் கல்!

நிலவியல் இரண்டாம் வருடம் படிக்கும்போது பிடித்த பைத்தியம் அது. மழை விட்ட மறுநாள் திருப்பூரில் பஸ் ஏறி, காங்கேயம் ரோட்டில் படியூரில் இறங்கிவிடுவான். மழை மேல்மண்ணைக் கழுவியிருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது, மின்னுவதெல்லாம் கண்ணில் படும். பத்தில் ஒன்பது வெறும் ஸ்படிகம், இல்லையென்றால் பாட்டில் துண்டு.

ஏன் படியூர்? பெரில் கல்லுக்குப் பேர் போன பழைய இடம். 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் நடத்தி, அக்வாமரைன் எனும் நீலப்பச்சைப் பெரிலை எடுத்தார். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று ரோமானியர் பிளினி எழுதி வைத்துவிட்டார். போலிக் கல் செய்வதையும் சேர்த்தே எழுதினார் :-) வைடூரியம் என்ற சொல்லும் பெரில் என்ற சொல்லும் ஒட்டுறவுதான். ஆனால் இன்று நகைக்கடையில் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் கல்லைத்தான் காட்டுவார்கள்.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஸ்படிகமும் ஆறுபட்டைதான், பெரிலும் ஆறுபட்டைதான். ஸ்படிகத்தின் முனை கூராகும், பட்டைகளில் குறுக்குக் கோடு ஓடும். பெரிலின் தலை பென்சிலை வெட்டியது போல தட்டையாக இருக்கும், கோடுகள் நெடுக்கில். உடைந்த துண்டாக இருந்தால்? உரசிப் பார்க்க வேண்டியதுதான். கடினத்தன்மை ஸ்படிகத்துக்கு 7, பெரிலுக்கு ஏழரை முதல் 8. பெரில் ஸ்படிகத்தைக் கீறும்.

ஒருநாள் வரப்போரம் சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று கிடைத்தது. தட்டைத் தலை, வெளிறிய கடல் நிறம். ஸ்படிகத்தில் உரசினான். கீறல் விழுந்தது! கை நடுங்கிவிட்டது.

"என்னங் தம்பி, தங்கமா?" காட்டுக்காரப் பெரியவர் பின்னாலேயே நிற்கிறார். உள்ளே வர அனுமதி கொடுத்தவர் அவர்தான்.

'சும்மா கூழாங்கல்லுங்க' என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டிருக்கலாம். ரெண்டு செகண்ட் அப்படித்தான் தோன்றியது அவனுக்கு. ஏஜென்ட்டுகள் சொல்லும் பொய்யும் அதுதானே?

"பெரில்ங்க ஐயா. உள்ளே விரிசல் நிறைய, பட்டை தீட்டினா உடைஞ்சிரும். விலை பெருசா வராது. ஆனா கல் உங்களுதுங்க."

பெரியவர் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரில் 2023 வரை அரசின் அணுக் கனிமப் பட்டியலில் இருந்ததையும் சொல்லி வைத்தான். "அட, வெடிச்சிருமா?" என்று பதறினார். பெரிலியம் அணு உலைக்குப் பயன்படும் உலோகம், இந்தக் கல் ஒன்றும் செய்யாது என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது.

கல்லை அவரே வைத்துக்கொண்டார், பேத்திக்குக் காட்ட. அவன் நோட்டில் தேதியும் அளவும் எழுதிக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தான். அடுத்த மழைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.