சங்கு ஊதும் நேரத்துச் சோறு

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து, சுரங்கத் தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், கருத்தரங்கு ஒன்றுக்காக முதன்முறையாக ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். பயண நல்கை கிடைத்திருந்தது. ஆனால் திரும்பிவந்து செலவுச் சீட்டுகளை ஒப்படைத்த பின்னரே அது கைக்கு வரும். நல்கை பெற்றவர் என்று ஊர் வாழ்த்த, அவர் கடன் வாங்கி விமானம் ஏறுவது ஆய்வு மாணவர்கள் பலரும் அறிந்த கதை. தங்கம் தோண்டிய ஊரில் அந்தக் குடும்பத்திடம் எஞ்சியிருந்த தங்கம் அம்மாவின் இரண்டு வளையல்கள்தாம். அவை அடகுக்கடைக்குப் போயின. தங்கும் செலவு போக, உணவுக்கென நாளொன்றுக்கு 18 யூரோ என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

முதல் நாள் மாலையிலேயே கணக்கு உடைந்தது. மாட்ரிட்டின் சுற்றுலாப் பயணிகள் குழுமும் சதுக்கம் ஒன்றில், படங்கள் அச்சிட்ட உணவுப்பட்டியலைப் பார்த்து, வெளியே போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்தார். ஒரு தட்டுச் சோறு, ஒரு புட்டித் தண்ணீர், 31 யூரோ. சோறு ஆறிப்போயிருந்தது. அன்றிரவு அறையில் படுத்திருந்தபோது, வளையலில் ஒரு துண்டை வெட்டித் தின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் ஆயாவின் நினைவு வந்தது.

ஆயா சாம்பியன் ரீஃப் சுரங்க வாயிலுக்கருகே இட்லிக்கடை வைத்திருந்தவர். சுரங்கத்தில் வேலைநேரம் மாறும்போது சங்கு ஊதும். 3 கிலோமீட்டர் ஆழம் வரை சென்ற அந்தச் சுரங்கங்களின் அடியில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். அங்கிருந்து மேலேறி வருபவருக்கும், அங்கே இறங்கப் போகிறவருக்கும் உண்பதற்குச் சில நிமிடங்களே இருக்கும். ஆகவே கடையில் இரண்டே பண்டங்கள்: இட்லி, குழம்பு. நின்றபடியே உண்ணலாம். வைத்த சட்டி அரைமணி நேரத்தில் காலியாகும். எதுவும் ஆறாது, எதுவும் மிஞ்சாது. உண்பவரின் கூலி எவ்வளவு என்பது கடைக்காரருக்குத் துல்லியமாகத் தெரியுமாதலால் விலையை விருப்பம்போல் ஏற்றவும் இயலாது. கையில் காசில்லாதவரின் பெயர் பற்று நோட்டில் ஏறும். சம்பளத் தேதியில் இறங்கும்.

பேத்தி கல்லூரிக்காக முதன்முறை பெங்களூருக்குச் சென்றபோது ஆயா ஒரே ஒரு வழிதான் சொல்லி அனுப்பினார்: “புது ஊருல போர்டைப் பாத்து உள்ள போவாத கண்ணு. வேலை விட்டு வர்றவங்க எந்தக் கடைக்குள்ள நுழையறாங்கன்னு பாரு.”

மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு, சாலை வேலை செய்துகொண்டிருந்த நான்கு பேர் மஞ்சள் மேற்சட்டையோடு ஒரு சந்துக்குள் திரும்புவதைக் கண்டு அவரும் பின்தொடர்ந்தார். வாசலில் கரும்பலகை, சுண்ணக்கட்டியில் எழுதிய அன்றைய உணவு. ஸ்பானியர்கள் இதை ‘மெனு தெல் தியா’, அதாவது அன்றாட உணவு, என்கிறார்கள். முதலில் ஒரு தட்டு, அடுத்து ஒரு தட்டு, ரொட்டி, பானம், இறுதியில் பழமோ இனிப்போ. எல்லாம் சேர்த்து ஒரே விலை. 1960களில் ஃபிராங்கோ அரசு சுற்றுலாப் பயணிகளுக்காக உணவகங்களில் நிலையான விலையுள்ள உணவைக் கட்டாயமாக்கியதில் இவ்வழக்கத்தின் வேர் இருக்கிறது. பயணிகளுக்கென வந்த அத்திட்டத்தை நாளடைவில் தமதாக்கிக்கொண்டவர்கள் உள்ளூர் உழைப்பாளிகளே. அன்று அவர் கொடுத்தது 13 யூரோ. மாலை வரை பசிக்கவில்லை.

ஐரோப்பாவின் மலிவான உணவகங்கள் பலவற்றுக்கும் இத்தகைய பிறப்புக் கதை உண்டு. பாரிஸில் 1855-இல் தூவால் என்ற இறைச்சி வணிகர், சந்தைத் தொழிலாளர்களுக்காகச் சூடான இறைச்சிச் சாறும் வெந்த இறைச்சியும் விற்கத் தொடங்கினார். ‘புய்யோன்’ எனப்படும் உணவகங்கள் அவ்வாறே தோன்றின. வார்சாவில் 1896-இல் தொடங்கிய பால் உணவகத்தின் வழிவந்த எளிய கடைகள் இன்றும் போலந்தில் முதியோருக்கும் மாணவருக்கும் சோறு போடுகின்றன. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் ‘மென்சா’ உணவுக்கூடங்கள் வெளியாருக்கும் சற்றுக் கூடுதல் விலையில் உணவளிப்பது வழக்கம். கருத்தரங்குக்குச் செல்லும் மாணவர் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள் இவை.

கருத்தரங்கு முடிந்ததும் அவர் தெற்கே லினாரெஸ் என்ற ஊருக்குத் தொடர்வண்டி ஏறினார். அதற்குக் காரணம் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ். 1880-இல் கோலாருக்கு வந்து தங்கச் சுரங்கங்களை நடத்திய அதே ஆங்கிலேய நிறுவனம், அதற்கு முன்பே, 1849 முதல், லினாரெஸில் ஈயச் சுரங்கங்களை நிர்வகித்தது. கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் இரு ஊர்களுக்கும் சென்றனர். தங்கவயலுக்குச் செல்பவர் பங்காருப்பேட்டைச் சந்திப்பில் பாதை மாறுவதைப் போல, லினாரெஸின் பெரிய சந்திப்பு நிலையமும் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கிறது.

‘தபா’ என்றால் மூடி. ஸ்பெயினில் குடிப்பதோடு வரும் சிறுதீனிக்கு அதுவே பெயர். பார்சிலோனாவில் அதற்குத் தனி விலை. கிரனாதா, லினாரெஸ் அடங்கிய ஹயேன் ஆகிய மாகாணங்களிலோ ஒரு குவளை பானம் வாங்கினால் ஒரு சிறு தட்டு உணவு விலையின்றி வரும். மது அருந்தாதவருக்குப் பழச்சாற்றோடும் வரும். எதை வைப்பது என்பதைப் பெரும்பாலும் சமையலறையே முடிவு செய்யும். மூன்று குவளை, மூன்று தட்டு. 8 யூரோவுக்குள் அவரது இரவுணவு முடிந்தது. வெளியே நாற்காலியில் அமர்ந்தால் சில கடைகளில் விலை கூடும் என்பதால் அவர் உள்ளே நின்றுகொண்டே உண்டார். சுரங்க வாயிலில் உண்டவர்களும் நின்றவர்கள்தாமே.

அருகில் நின்ற முதியவர் ஒருவர், கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வழியாக, எந்த ஊர் என்று கேட்டார். சுரங்க ஊர் என்றதும் முகம் மாறியது. தம் ஊர்ச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டதாகச் சொன்னார். எங்களுடையது 2001, பிப்ரவரி 28 என்றார் இவர். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் முதியவர் கேட்டார்: “உங்கள் ஊர்க்காரர்கள் இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள்?”

ஆய்வேட்டில் கூலி, நோய், வேலைநிறுத்தம், வீடு என்று ஆறு இயல்கள் வகுத்திருந்த அவரிடம் அந்தக் கேள்விக்கு உடனே விடை இல்லை.

சங்கு நின்ற பிறகு ஆயாவின் கடை இரண்டாண்டுகூடத் தாங்கவில்லை. விலையை அவர் உயர்த்தவே இல்லை, உண்ணத்தான் ஆளில்லை. ஒரே நேரத்தில் பசித்துவரும் நூறு பேர் இருந்தவரை கட்டுபடியான இட்லி, பத்துப் பேருக்குக் கட்டுபடியாகவில்லை. பற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் வராத பாக்கிகள் அப்படியே நின்றன. அவர்களில் சிலர் ஊரை விட்டே போயினர். ஆயா யாரிடமும் கேட்கவில்லை, நோட்டையும் எறியவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, விடியுமுன் மாரிக்குப்பம் நிலையத்துக்குச் சென்றது. பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் காவல் வேலைக்கும் அலுவலகங்களுக்கும் செல்லும் கூட்டம் இருட்டிலேயே திரண்டிருந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு பெண், மூடிய பாத்திரத்திலிருந்து இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். உண்பவர்கள் நின்றபடியே, வண்டியின் ஊதலுக்குக் காதுகொடுத்து உண்டார்கள். இருவர் காசு கொடுக்காமல் தலையசைத்துவிட்டு ஓடினர். அந்தப் பெண் சிறு நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

ஏழாம் இயல் அந்தப் பற்று நோட்டுகளைப் பற்றியது. ஆயாவின் நோட்டு அதில் முதல் ஆவணம். நல்கைப் பணம் இன்னும் வரவில்லை. வளையல்கள் கடையில்தான் இருக்கின்றன.