துறவியின் மீள்வரவு

துறவு என்றவுடன் விட்டு நீங்குதலே பலர் நினைவுக்கு வருகின்றது. ஒருவர் எதனைத் துறந்தார் என்று கேட்போர் மிகுதி. துறந்தபின் யாது செய்தார் என்று வினவுவோர் சிலரே. இவ்விரண்டாம் வினாவுக்குக் கீழைக்கரையில் பிறந்த ஓர் இளைஞரின் வாழ்வு விடை தருகின்றது.

மாவடிப்பள்ளியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் வயல்களைக் கடந்து காரைதீவை அடைவர். முன்னது முஸ்லிம்கள் வாழும் ஊர். பின்னது கண்ணகி கோயில் கொண்ட தமிழூர். அக்காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகத் தோன்றியவர் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்வில் தேறினார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார்; மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். இருமொழிப் புலமையும் விஞ்ஞான அறிவும் உயர்பதவியும் ஒருங்கே பெற்றவர், 1922இல், தமது முப்பதாவது அகவையில், சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தின் வாயிலில் மாணவராக நின்றார்.

மடத்து வாழ்வு ஓய்வு நாடுவோர்க்கு உரியதன்று. வைகறையில் எழுதல், தியானம், பூசை, சாத்திரப் பயிற்சி, மாலை ஆராத்திரிகம் என நாள் முழுதும் ஓர் ஒழுங்கினுள் அடங்கும். இவற்றிடையே கிடைக்கும் பொழுதெல்லாம் தொண்டுக்கு உரியது. எப்பணி உயர்ந்தது, எப்பணி தாழ்ந்தது என்று தெரிந்தெடுக்கும் உரிமை இளந்துறவிக்கு இல்லை. கல்லூரியொன்றை ஆண்டவர் இப்பொழுது பிறர் பணித்ததைச் செய்யப் பழகவேண்டியவரானார். ஊரையும் உறவையும் துறத்தல் ஒருநாளிற் கூடும். 'யான் கற்றவன்' என்னும் எண்ணத்தைத் துறத்தலோ நாடோறும் புதிதாகச் செய்யவேண்டிய செயல்.

வெள்ளாடை பூண்ட பிரமசாரியாகிய அவருக்குப் பிரபோத சைதன்யர் என்னும் பெயர் வழங்கப்பெற்றது. 'இராமகிருஷ்ண விஜயம்' என்னும் தமிழ்த் திங்களிதழும், 'வேதாந்த கேசரி' என்னும் ஆங்கில இதழும் அவர்தம் ஆசிரியப் பொறுப்பில் வந்தன. வாயிலில் இறக்கிவைத்த கல்வியை மடம் மீண்டும் அவர் கையில் ஒப்படைத்தது. ஆயின் இம்முறை அஃது அவருடைய உடைமையன்று, அவரிடம் வைத்த அடைக்கலப் பொருள்.

சந்நியாசம் ஏற்குமுன் தனக்குத் தானே ஈமக்கடன் செய்துகொள்ளல் மரபு. 1924இல் சுவாமி சிவானந்தரிடம் காவியுடை பெற்றபொழுது மயில்வாகனன் மறைந்தார், விபுலானந்தர் தோன்றினார்.

பிறந்த ஊருக்கு இறந்தவராகிய ஒருவர் அக்கரைக்கே மீண்டது வியப்புக்குரியது. 1925இல் இலங்கை திரும்பி மடத்தின் பாடசாலைகளை வளர்த்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் (1931–33), பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே. விஞ்ஞானமும் கணிதமும் பண்டைத் தமிழிசையை ஆராயத் துணைநின்றன. 1947இல் 'யாழ் நூல்' அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் அவர் மறைந்தார். கல்லடியில், தாம் வளர்த்த கல்விக்கூடத்து மண்ணிலேயே அடக்கம் பெற்றார்.

இல்லறத்தில் இருந்தே இவற்றைச் செய்திருக்கலாகாதா என வினவலாம். செய்திருக்கலாம். ஆயினும் பதவி அவரைத் தேடிவந்தபோது ஏற்கவும், பணி வேறிடத்து அழைத்தபோது தயக்கமின்றி விடுக்கவும் வேண்டிய உரிமையை அவருக்கு அளித்தது மயிலாப்பூரில் கழிந்த அவ்விரண்டு ஆண்டுகளே. கற்றதைத் துறக்கவேண்டுவதில்லை, கற்றது தனக்கே உரியது என்னும் எண்ணத்தைத் துறந்தாற் போதும். பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வோர் இளைஞர்க்கும் காவியுடையின்றியே கைகூடக்கூடிய துறவு இது.